செடியை நடுமுன் தண்ணீரை அள: கிரான்குளத்து வாவிக்கரைக் கண்டல் வேலை

கிரான்குளத்தில் எங்கள் வளவு பின்பக்கமாகச் சரிந்து வாவியில் போய் முடிகிறது. மாரிக்கு மாரி அந்தக் கடைசித் துண்டைத் தண்ணீர் கரைத்துக்கொண்டே போக, ஒரு தென்னையின் வேர் பாதிக்கு மேல் வெளியே தெரியத் தொடங்கியதும், கல் அடுக்கலாம், இல்லையென்றால் கொங்கிறீட் அணை கட்டலாம் என்று வீட்டில் பேச்சு எழும்பியது. செலவைக் கேட்டதும் அந்தப் பேச்சு அடங்கிவிட்டது. சரி, கண்டல் (உவர்நீர்ச் சேற்றில் வளரும் மரக் கூட்டம்) வைப்போம் என்று நான் தொடங்கினேன். வாவியோரம் அரச ஒதுக்கு நிலம் என்பதால் முதலில் கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்திலும் சொல்லிவிட்டுத்தான் மண்வெட்டியைத் தொட்டோம். நடுவதற்கு முந்திய பகுதியைக் கூடுதலாக எழுதப் போகிறேன், உண்மையான வேலை அங்கேதான் இருந்தது.

நம் பக்கம் கண்டல் நடுகை என்றால் வழக்கமாக என்ன நடக்கும்? ஒரு சாக்கு நிறைய நீளக் கண்டல் காய்களைக் கொண்டுவந்து, முழங்கால் தண்ணீரில் இறங்கி, வரிசையாகக் குத்தி, படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அடுத்த மாரி கழிந்து போய்ப் பார்த்தால் வெறும் தண்ணீர்தான். சுனாமிக்குப் பிறகு நாடு முழுக்க நடந்த நடுகைகளை ஆராய்ந்து 2017இல் வந்த ஆய்வொன்றில், பார்த்த 23 இடங்களில் ஒன்பதில் ஒரு செடிகூட மிஞ்சியிருக்கவில்லை. 1000 முதல் 1200 ஹெக்டேயர் வரை நட்டதில் தேறியது 200 சொச்சம். பொருந்தாத இடத்தில் பொருந்தாத இனத்தை வைத்ததும், நட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் விட்டதும்தான் முக்கிய காரணங்கள். காசும் ஆட்களும் இருந்த திட்டங்களுக்கே இந்தக் கதி என்றால், வீட்டு வளவில் தனியாகச் செய்கிறவன் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்?

கண்டல் தண்ணீருக்குள் வாழும் மரம் என்ற நினைப்புத்தான் வில்லங்கமே. அது நனைந்து காயும் சேற்றில் வாழும் மரம். உலகத்தில் பல இடங்களில் கடல் ஒரு நாளில் இரண்டு தடவை ஏறி இறங்கும், அங்கே வேர் சில மணித்தியாலம் மூழ்கும், சில மணித்தியாலம் மூச்சு விடும். எங்கள் கரையில் அந்த வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு, அதிலும் வாவிக்குள் வந்து சேரும்போது இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத அளவுக்குச் சின்னது. மட்டக்களப்பு வாவி ஏறாவூர்ப் பக்கமிருந்து கல்முனைப் பக்கம் வரை ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளம், கடலோடு சேருவதோ பாலமீன்மடு முகத்துவாரத்திலும் கல்லாற்றிலும் மட்டும். கோடையில் மணல் திட்டு அந்த வாயை மூடிவிடும். மாவட்டத்தின் வருட மழை 1650 மில்லிமீற்றர் அளவில், அதில் பாதிக்கு மேல் கார்த்திகை, மார்கழி, தை என்ற மூன்று மாதத்தில் கொட்டிவிடும். வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரை வயல் தண்ணீரெல்லாம் வந்து நிறைந்து, முகத்துவாரம் உடையும் வரைக்கும் அல்லது வெட்டிவிடும் வரைக்கும் வாவி ஏறியபடியே நிற்கும். ஆக இங்கே ஏற்ற இறக்கம் நாள் கணக்கில் வருவதில்லை, பருவக் கணக்கில் வருகிறது. செடிக்கு அது பெரிய வித்தியாசம். இலை மூழ்கிச் சில மணித்தியாலம் நின்றால் தப்பும், கிழமைக் கணக்கில் கலங்கல் தண்ணீருக்குள் நின்றால் அழுகும்.

அதனால் முதல் மாரி முழுவதும் ஒரு செடியும் நடவில்லை. கரையிலிருந்து வாவிக்குள் இறங்கும் சரிவில் காட்டுக் கம்புகளை இடைவெளி விட்டு இறுக்கி, வெள்ளைப் பெயின்றால் சென்றிமீற்றர்க் கோடு போட்டு, தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதி வந்தேன். வீட்டில் எல்லாருக்கும் இது வேலை இல்லாதவன் வேலையாகத் தெரிந்தது. பக்கத்து வளவு மாமா, அந்த வாவியில் காலமெல்லாம் வலை போட்டவர், ஒரு நாள் தோணியைக் கட்டிவிட்டு வந்து கம்பைப் பார்த்தார்.

"இந்தக் கணக்கு நல்லந்தான் மனே. ஆனா இந்த ஒரு மாரியோட தண்ணிய மட்டிட ஏலாது. மறுகா பெருவெள்ளம் வந்தா என்ன செய்வாய்? எங்கட கரையில நிக்கிற தில்லை மரத்தப் பாரு. அது எதுல நிக்குதோ, அதுக்கு மேல தண்ணி கனநாள் நிண்டதில்ல எண்டு அர்த்தம்."

இதைவிடச் சுருக்கமாகத் தாவரச் சூழலியலை யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. அவருடைய கரையில் பழைய மரங்கள் வெட்டுப்படாமல் நிற்கின்றன. தண்ணீர் ஓரத்தில் முட்டு வேர் ஊன்றிய கண்டல் (கூட்டம் முழுவதற்கும் இதே பெயர்தான், மற்ற மரங்களோடு சேர்த்துச் சொல்லும்போது இந்த ஒரு மரம்), அதற்குப் பின்னால் பென்சில் முனைகளைப் போல மூச்சு வேர்களை நிமிர்த்திக்கொண்டு கண்ணா, அதற்கும் மேலே தில்லை, மரம் இல்லாத உப்பு வெளியில் வங்காரவள்ளையும் உமரியும். அவருடைய கரைக்கும் என்னுடைய கரைக்கும் நடுவில் மேசன்மார் மட்டம் பார்க்கும் ஒளிபுகும் தண்ணீர் ரியூப் ஒன்றை நீட்டிப் பிடித்தோம். ஒரு முனையைக் கண்டல் வேர் சேற்றில் இறங்கும் மட்டத்தில் வைத்து, மறுமுனையில் தண்ணீர் நிற்கும் இடத்தை என் பக்கக் கம்பில் அடையாளம் போட்டோம். பிறகு கண்ணாவுக்கு, பிறகு தில்லைக்கு. தண்ணீரோரக் கண்டலுக்கும் தில்லைக்கும் இடையில் உயர வித்தியாசம் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். அந்த ஒரு முழத்துக்குள்தான் எல்லா இனமும் தங்கள் தங்கள் இடத்தைப் பிடித்திருக்கின்றன. முழங்கால் தண்ணீரில் குத்துகிறவர்கள் அந்த ஒரு முழத்துக்கும் கீழே போய் நிற்கிறார்கள்.

ஏன் இந்த ஒழுங்கு என்பதைச் சேற்றைக் கிண்டிப் பார்த்தால் விளங்கும். மேல் தோலை நீக்கினால் கரிய சேறு, அழுகிய முட்டை மணம். அங்கே ஒட்சிசன் இல்லை. கண்ணா வேர் இருந்த கட்டி ஒன்றைக் கத்தியால் பிளந்து பார்த்தேன்: சுற்றிலும் கறுப்பு, வேரை ஒட்டி மட்டும் துரு நிறத்தில் மெல்லிய வளையம். மரம் மேலிருந்து இறக்கிய காற்று வேரிலிருந்து கொஞ்சம் கசிந்து, சேற்றிலுள்ள இரும்பைத் துருப்பிடிக்க வைத்திருக்கிறது. முறிந்து கிடந்த மூச்சு வேரை வாளித் தண்ணீருக்குள் அமுக்கி நசுக்கினால் குமிழி குமிழியாகக் காற்று வருகிறது, உள்ளே அவ்வளவும் பஞ்சு. கண்டல் இதே வேலையை முட்டு வேரின் பட்டையிலுள்ள சின்னத் துளைகளால் செய்கிறது. 1955இல் ஷோலண்டர் என்ற ஆய்வாளரின் குழுவினர் அந்தத் துளைகளைக் கிறீஸ் பூசி அடைத்துப் பார்த்தார்கள். சேற்றுக்குள் இருந்த வேரின் ஒட்சிசன் மளமளவென்று இறங்கிவிட்டது. அப்படியென்றால் மூச்சு வேருக்கு மேலே தண்ணீர் மாதக் கணக்கில் நின்றால் கிறீஸ் பூசியதும் ஒன்றுதான், தண்ணீர் நின்றதும் ஒன்றுதான். தில்லைக்கு இப்படி நிமிர்ந்த மூச்சு வேரே கிடையாது, அதனால்தான் அது மேலே ஏறி நிற்கிறது. (தில்லையை வெட்டவோ முறிக்கவோ போகாதீர்கள். பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.)

இனி உப்பு. இறால் வளர்க்கிற கூட்டாளி ஒருவரிடமிருந்து உப்பு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரை இரவல் வாங்கினேன். கடல்நீரில் லீற்றருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. என் கரையில் மார்கழி உச்சத்தில் கருவி பூச்சியத்தை ஒட்டி நின்றது, குடிக்கலாம் போல. மேற்குப் பக்கமிருந்து வரும் கச்சான் காற்று பிடித்து வாவி வற்றத் தொடங்கிய பிறகு பத்தைத் தாண்டி ஏறியது, சேற்றைத் தோண்டி ஊறவிட்டு எடுத்த தண்ணீரில் அதைவிடக் கூட. ஒரே இடத்துச் செடி ஆறு மாதம் நன்னீர்ச் செடியாகவும் ஆறு மாதம் உப்புச் செடியாகவும் இருக்க வேண்டும். கண்டல் கூட்டத்துக்கே உப்பு இல்லாமல் வாழ முடியாது என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியில்லை. நன்னீரிலும் அது வளரும், ஆனால் அங்கே மற்றச் செடிகளோடு போட்டி போட ஏலாது. உப்பு அதன் எதிரிகளை விரட்டி வைக்கிறது, அவ்வளவே.

உப்பைச் சமாளிப்பதில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். கண்டல் வாசலிலேயே தடுத்துவிடுகிறது: வேர் உப்பின் பெரும்பகுதியை வெளியே நிறுத்திவிட்டுத் தண்ணீரை மட்டும் உள்ளே இழுக்கிறது. இது லேசான காரியமில்லை, கடல்நீரிலிருந்து இப்படி நல்ல தண்ணீர் எடுக்க ஏறக்குறைய 25 வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் இழுவை வேண்டும். அந்த இழுவையை இலைதான் கொடுக்கிறது. கண்ணாவோ உப்பில் ஒரு பங்கை உள்ளே விட்டு, இலையிலுள்ள சுரப்பிகளால் வெளியே தள்ளுகிறது. இதை நீங்களே பார்க்கலாம். கச்சான் காலத்தில் ஒரு கண்ணா இலையை, பறிக்காமல், நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்துவிட்டு அடுத்த நாள் வெயில் ஏறிய பிறகு கைவில்லையால் பாருங்கள். பொடியாக மினுங்கும், நாக்கை வைத்தால் சுள்ளென்று உப்பு. அதே நாளில் கழுவிய கண்டல் இலையில் ஒன்றும் இருக்காது. மார்கழியில் கண்ணா இலையிலும் ஒன்றும் கிடைக்கவில்லை. மழை கழுவுகிறது என்பது ஒன்று, வேருக்கு வரும் உப்பே குறைவு என்பது இன்னொன்று. வங்காரவள்ளையும் உமரியும் மூன்றாவது வழி: உப்பை உள்ளேயே வைத்து, இலையைத் தண்ணீரால் ஊதவைத்து அதன் காரத்தைக் குறைத்துக்கொள்கின்றன. கடித்தால் உப்புக் கீரை.

இங்கே ஒரு சின்ன விலகல். எங்கள் ஊரில் கிழக்கே நடந்தால் கடல், மேற்கே நடந்தால் வாவி. கடற்கரையில் அடம்பன்கொடிக்கும் இராவணன் மீசைக்கும் உப்புத் தூவல்தான் பிரச்சினை என்று நினைப்போம், ஆனால் அவற்றுக்கு அதைவிடப் பெரிய தொல்லை ஓடும் மணல். அடம்பன் மணலுக்குள் புதைபடப் புதைபட ஒவ்வொரு கணுவிலும் வேர் விட்டு மேலே வருகிறது. அதைக் கொண்டுவந்து வாவிச் சேற்றில் விட்டால் மூச்சு முட்டிச் செத்துப்போகும். உப்பு இரண்டு பக்கமும் இருக்கிறது, மண்ணுக்குள் காற்று ஒரு பக்கம்தான் இருக்கிறது. யாராவது "உப்பைத் தாங்கும் செடி" என்று பொதுவாகச் சொல்லி விற்க வந்தால், சேற்றுக்கா மணலுக்கா என்று கேளுங்கள்.

நாற்று வேலைக்கு வருவோம். கண்டல் காயை மரத்திலிருந்து இழுத்துப் பறிக்கவில்லை. மரத்திலேயே முளைத்துத் தொங்கும் அந்தப் பச்சைத் தண்டில், மேலே தொப்பிக்குக் கீழே ஒரு மஞ்சள் வளையம் வந்தால் முற்றியது என்று அர்த்தம். கை பட்டாலே கழன்று வரும், அல்லது விழுந்து ஒதுங்கிக் கிடக்கும். பூச்சித் துளை உள்ளதையும் நுனி மொட்டு முறிந்ததையும் கழித்துவிட்டேன். பொறுக்கியவற்றை மர நிழலில் சில நாள் வாடவிட்டேன், வாடிய காயை நண்டு அவ்வளவாக விரும்பாது என்று அனுபவக்காரர்கள் சொல்வார்கள். பொலித்தீன் பையில் வாவிச் சேறும் மணலும் கலந்து நிரப்பி, தடித்த முனை கீழே இருக்க மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்குக் குத்தினேன். கண்ணா விதை வேறு சாதி. அதைப் புதைக்கவே கூடாது. வாளித் தண்ணீரில் போட்டால் மேல்தோல் உரிந்து, மடிந்த தடித்த பருப்பிலைகள் வெளியே வரும். அதைச் சேற்றின் மேல் வைத்து விரலால் லேசாக அமத்தினால் போதும், வேர் தானாகப் பிடித்துக்கொள்ளும்.

பைகளை வைக்க ஆழம் குறைந்த குழி ஒன்று வெட்டித் தறப்பாள் விரித்து, அடிப்பாகம் மட்டும் நனையும்படி தண்ணீர் விட்டு, மேலே கிடுகுப் பந்தல். முதலில் கிணற்றுத் தண்ணீர், இலை விரிந்த பிறகு வாவித் தண்ணீர், கடைசியில் கடல் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து உப்புக்குப் பழக்கினேன். கிடுகையும் படிப்படியாக விலக்கினேன். இந்த இரண்டையும் ஒரே கிழமையில் செய்ய வேண்டாம். வெயிலும் உப்பும் இலைக்கு ஒரே அடிதான், இரண்டும் தண்ணீரைப் பிடுங்குகின்றன. ஒரு பகுதிப் பைகளைக் கடைசிவரை கிணற்றுத் தண்ணீரிலேயே விட்டுப் பார்த்தேன். இலை பெரியது, நிறம் பச்சைப் பசேல், பார்க்க அழகு. கரையில் வைத்த பிறகு கச்சானில் முதலில் நுனி கருகியவை அவைதான். லேசான உப்பில் வளர்ந்தவை குள்ளமாக, தடித்த இலையோடு இருந்தன, அவை நின்றன.

எப்போது நடுவது என்பதில் மாமாவோடு பெரிய விவாதம். பொதுவாக எல்லாரும் மழையோடுதான் மரம் நடுவார்கள். இங்கே மழையோடு நட்டால் சின்னச் செடி நேரே வெள்ளத்துக்குள் போகும். அதனால் வாவி இறங்கி, கண்டல் மட்டக் கோடு வெளியே தெரிந்த மாசியில் நட்டோம். அடுத்த மாரி வரை அதற்கு ஒன்பது மாதம் போல அவகாசம். அதற்குள் இலைக்கொத்து வழக்கமான வெள்ளக் கோட்டைத் தாண்டி எழும்பினால் தப்பும். விலையாகக் கச்சான் உப்பைத் தாங்க வேண்டும், ஆனால் உப்புக்கு அதனிடம் வழி இருக்கிறது, மூழ்குவதற்கு இல்லை. ரியூப்பால் போட்ட மூன்று கோட்டின்படி கீழே கண்டல், நடுவில் கண்ணா. மழைத் தண்ணீர் வடிகான் வந்து விழும் மூலையில் மட்டும் இரண்டு கிண்ணைக் கன்று வைத்தேன், அது உப்புக் குறைந்த இடத்தை விரும்பும் மரம். தில்லை வைக்கவில்லை, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

எங்கள் கரை எழுவான்கரை, அதாவது வாவியின் கிழக்குக் கரை என்பதால் கச்சான் வாவியைக் கடந்து வந்து அலையை நேரே எங்கள் மேல்தான் அடிக்கும். வெளிப்பக்கமாகக் கம்பு இறுக்கி, இடையில் அலம்பலை (வெட்டிய சிறு கிளைகளை) நெருக்கிக் கட்டினோம். சுவர் கட்டினால் அலை மோதி அடியைத் தோண்டும், அலம்பல் அலையை உடைத்துவிட்டுத் தண்ணீரை விடும், உள்ளே வண்டல் படியும். கரைப் பக்கமும் அதே அலம்பல்தான், அது மாட்டுக்கு. கண்ணா இலை என்றால் பட்டி மாடு எங்கிருந்தும் வரும். கண்டலை அவ்வளவாகத் தொடாது, ஆனால் மிதித்துவிடும். நண்டுக்குப் பழைய பிவிசி குழாயைத் துண்டுபோட்டு நீளவாக்கில் ஒரு வெட்டு வெட்டிச் செடியைச் சுற்றி மாட்டினேன், தண்டு தடித்ததும் விரித்துக் கழற்றலாம்.

இதெல்லாம் கணக்கில் இருந்தது. கணக்கில் இல்லாதது ஆற்றுவாழை என்ற மிதக்கும் நீர்க்களை. அடுத்த மாரியில் படுவான்கரைக் குளங்களிலிருந்தும் வாய்க்கால்களிலிருந்தும் பாய் பாயாக மிதந்து வந்து, காற்றுத் திசை மாறிய ஒரு நாள் எங்கள் கரையில் ஒதுங்கி, அலம்பலையும் சரித்துக்கொண்டு கன்றுகளின் மேல் ஏறிவிட்டது. கண்டல் தண்டு வளைந்து பாய்க்கு அடியில். மாமாவின் தோணியில் போய் மூங்கிலால் தள்ளியும், முள்ளுக் கரண்டியால் இழுத்துக் கரையில் போட்டும்தான் மீட்டோம். இழுத்துப் போட்டது தென்னைக்குப் பசளை ஆனது. உப்பு ஏறினால் ஆற்றுவாழை தானாகக் கருகிவிடும், ஆனால் அதற்குப் பங்குனி, சித்திரை ஆக வேண்டும், செடி அதுவரை காத்திருக்காது. இதற்குப் பிறகு வெளி வரிசையில் ஒவ்வொரு கன்றுக்கும் பக்கத்தில் ஒரு கம்பு, தென்னந்தும்புக் கயிற்றால் தளர்வாக ஒரு கட்டு. இறுக்கிக் கட்டினால் காற்றில் உரசிப் பட்டை போகும்.

இப்போதைய நிலை: நடு வரிசைக் கண்ணாதான் நன்றாக வந்திருக்கிறது, தண்டைச் சுற்றி முதல் மூச்சு வேர்கள் சேற்றைக் கிழித்துக்கொண்டு நிற்கின்றன. கண்டலில் மேல் மட்டத்தில் வைத்தவை முட்டு வேர் விடத் தொடங்கிவிட்டன, கோட்டை ஒட்டிக் கீழே வைத்தவற்றில் நிறையப் போய்விட்டன, அந்த இடங்களில் திரும்ப நடவில்லை. அலம்பலுக்கு உள்ளே ஒரு சாண் வண்டல் படிந்ததால் அங்கே மட்டமே மாறிக்கொண்டு வருகிறது. அந்த வண்டலில் நான் வைக்காத கண்ணாக் கன்றுகள் மிதந்து வந்து தாமாகவே முளைத்திருக்கின்றன, வைத்தவற்றைவிட அவை வேகம். அதனால் தெற்கு மூலையைச் சும்மா விட்டு, அலம்பலை மட்டும் புதுப்பித்து வருகிறேன்.

உங்கள் கரையில் செய்வதென்றால் இந்த வருடம் கம்பும் கொப்பியும் மட்டும் போதும். பக்கத்தில் வெட்டுப்படாத மரம் நிற்கும் கரை எது என்று தேடி வையுங்கள், ரியூப்பை மேசனிடம் இரவல் வாங்கலாம். காயை ஆடி, ஆவணியில் பொறுக்கத் தொடங்கினால் மாசிக்கு நாற்று கையில் இருக்கும்.